தலைக்கு ரெண்டு கோட்

"தாடையை ஆட்டாத."

"நான் எங்க ஆட்டினேன்? வாயே திறக்கலையே."

"இப்பத் திறந்தியே!"

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி. என் வீட்டுப் பால்கனியை ஒட்டிய பக்கத்து வீட்டுப் பால்கனியில் வேலை தொடங்கிவிட்டது. தரையில் பழைய செய்தித்தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடுக்கு தெரியாமல் விரிந்து கிடக்கின்றன. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓர் அம்மாள் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். முடி தொடங்கும் கோட்டை ஒட்டி, ஒரு காதிலிருந்து மறு காது வரை அவர் நெற்றியில் காகித டேப் ஓடுகிறது. சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஜன்னல் கட்டையில் படாமலிருக்க ஒட்டுவார்களே, அதே டேப். காதுகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டன. பின்னால் நிற்கிறவர் ஓரங்குலப் பிரஷைக் கிண்ணத்தில் தோய்த்து, விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வகிட்டின் மேல் ஒரு கோடு இழுக்கிறார்.

அவர் தொழிலால் பெயின்டர். நாற்பது வருடமாக வீடுகளுக்கு அடிக்கிறார், பத்தொன்பது வருடமாக மனைவியின் தலைக்கு. முதலாவதற்குக் கூலி உண்டு. இரண்டாவதற்குத் திட்டு உண்டு.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'ரெண்டு கோட்டார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருகிற பதில் அது. "ஒரு கோட்ல எதுவும் நிக்காது சார். ரெண்டு கோட் வேணும்." தேநீரை இரண்டு தவணையாகக் குடிப்பார். வீட்டைப் பூட்டினால் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். மகளைத் திட்ட வேண்டியிருந்த காலத்தில்கூட காலையில் ஒன்று, காய்ந்த பிறகு மாலையில் ஒன்று என்று திட்டியதாக அந்தப் பெண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் வெளியூரில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "அப்பா, இன்னுமா அம்மாவைச் சுவராக்கிக்கிட்டு இருக்கீங்க?" என்பதுதான்.

மனைவி, பெரிய மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை அறையின் நர்ஸ். குடியிருப்பு முழுக்க அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ரெண்டு கோட்டாரும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். "சிஸ்டர், உப்பு கம்மி" என்று ஒரு குரல் சுவரைத் தாண்டி வந்தால், பக்கத்து வீட்டில் வானிலை சரியில்லை என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை எப்படித் தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். சிஸ்டருக்கு முதல் நரை வந்த புதிதில் அவரே கண்ணாடி முன்னால் நின்று சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். முன்பக்கம் பிரமாதம். வேலைக்குக் கிளம்பி வாசல் தாண்டும்போதுதான் இவர் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். அங்கங்கே கருப்பு, அங்கங்கே வெள்ளை, கழுத்தில் இரண்டு சொட்டு வழிசல். "எனக்கு நெஞ்சே அடைச்சிடுச்சு சார். ஊரெல்லாம் போய் அடிக்கிறேன், என் வீட்டுப் பின்சுவரு இப்படிக் கிடக்குது!" அடுத்த மாதம் பிரஷ் இவர் கைக்கு மாறியது. அன்றிலிருந்து அது இறங்கவில்லை.

வேலையில் அவருக்குச் சட்டங்கள் உண்டு. புதிய பெட்டி சாயம் வாங்கினால், காதுக்குப் பின்னால் கடுகளவு தொட்டு வைத்து இரண்டு நாள் பார்க்காமல் தலையில் வைக்க மாட்டார். சுவரில் ஒரு மூலையில் அடித்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் நம்பக் கூடாதாம். முதலில் ஓரம். பெயின்டர்கள் இதைக் கட்டிங் என்கிறார்கள். சுவரும் கூரையும் சேரும் கோட்டை நூல் பிடித்தாற்போல் அடிப்பது. தொழிலாளியின் தரம் நடுச்சுவரில் தெரியாது, கட்டிங்கில்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பிறகு முடியின் வேர்களுக்கு ஒரு கோட். கால் மணி நேரம் பொறுத்து நுனி வரைக்கும் இரண்டாவது கோட். கடைசியில் டேப்பைச் சாய்வாக, மெதுவாக, ஒரே இழுப்பில் உரிப்பார். "ஐயோ, பூனை முடியெல்லாம் சேர்ந்து வருதுங்க!" என்று சிஸ்டர் கத்துவார். "பொறு, பொறு. பார்டர் வருது பாரு!" என்பார் இவர், குழந்தை பிறக்கிறதைப் பார்ப்பவர் போல.

நடுவில் சிஸ்டருக்கு மூக்கு அரிக்கும். கையைத் தூக்கக் கூடாது என்பது சட்டம். இவர் பிரஷைக் கீழே வைத்து, கையுறையைக் கழற்றி, சுண்டு விரலால் சொறிந்துவிடுவார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்பார் சிஸ்டர். "பேசாத," என்பார் இவர். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பொருள் எனக்குத் தெரியும், எழுத வேண்டாம்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இத்தனை பாடுபட்டு அடித்த தலையை யாரும் பார்ப்பதில்லை. அறுவை சிகிச்சை அறையில் நாள் முழுக்கச் சிஸ்டரின் தலை பச்சைத் தொப்பிக்குள் இருக்கும். முன்னால் ஒரு விரற்கடை தெரிந்தால் அதிகம். "பிறகு ஏன் பின்மண்டைக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பீரோவுக்குப் பின்னாடி சுவரு இருக்குல்ல சார்? பீரோவை நகர்த்திட்டு அதையும் நான் ரெண்டு கோட் அடிப்பேன். யாரும் பாக்க மாட்டாங்கதான். எனக்குத் தெரியுமே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னாடி தெரியற அந்த ஒரு விரற்கடை இருக்கே, அது சாதாரண இடம் இல்ல. மயக்க ஊசி போட்டுக் கண்ணு சொருகுறதுக்கு முன்னாடி ஒரு நோயாளி கடைசியாப் பாக்கறது என் கட்டிங்தான். அது கோணலா இருந்தா அவனுக்கு நம்பிக்கை போயிடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் வெட்கமும் வந்தது. நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாக்கெட் சாயத்தால் தலையைக் கருப்பாக்கிக்கொள்கிற ஜாதி. 'உங்களுக்கு இன்னும் நரைக்கவே இல்லையே' என்று யாராவது சொன்னால், 'பரம்பரை வாகு' என்று சொல்லிவிடுவேன். இவர் பால்கனியில் பட்டப்பகலில், தெரு பார்க்க, தலையை நீட்டச் சொல்லி அடிக்கிறார். மறைக்கிற காரியத்தை இவ்வளவு பகிரங்கமாகச் செய்கிற வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் சிஸ்டர் அந்த மருத்துவமனைக்கே தலைமை நர்ஸ் ஆனார். முந்நூறு பேருக்கு மேல் அதிகாரி. தொப்பி போய் மேசை வந்தது. பொறுப்பேற்கும் வெள்ளிக்கிழமை அன்று ஒரு படம் எடுப்பார்கள். அது கண்ணாடிச் சட்டம் போட்டு, இதற்கு முன் இருந்தவர்களின் படங்களோடு நுழைவாயில் சுவரில் மாட்டப்படும். செய்தி வந்த அன்று ரெண்டு கோட்டார் குடியிருப்பு முழுக்க நடந்தார். எல்லோரிடமும் இரண்டு முறை சொன்னார். என்னிடம் மட்டும் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்.

"நாப்பது வருஷத்துல எத்தனை வீடு அடிச்சிருப்பேன் சார். எங்கயாவது என் பேரு இருக்கா? அஞ்சு வருஷத்துல இன்னொருத்தன் வந்து மேல அடிச்சிட்டுப் போயிடுவான். இந்தப் படம் அப்படியே நிக்கும். தொப்பி இல்லாம நிக்கும். என் வேலை முதல் தடவையா வெளிய தெரியப்போகுது."

அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இளைய நர்ஸுகள் சேர்ந்து சிஸ்டருக்கு ஒரு பரிசு வாங்கியிருந்தார்கள். தெருமுனையில் இருக்கும் பார்லருக்கு ஒரு கூப்பன். தலைக்குச் சாயம், முடி திருத்தம், எல்லாம் சேர்த்து.

அன்று மாலை சுவரைத் தாண்டி வந்த பேச்சை நான் ஒட்டுக்கேட்கவில்லை. பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணி நிறைய இருந்தது.

"பார்லர்ல என்ன தெரியும்? பத்து பேர் தலைக்கு ஒரே கிண்ணம். ஒரு கை பிரஷ்ல, ஒரு கை போன்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள போயிருக்கீங்களா?"

"வெளிய வர்றவங்க பார்டரைப் பாக்கறேன்ல!"

"இங்க பாருங்க," என்றார் சிஸ்டர். குரலில் கோபம் இல்லை. "உங்க வேலை மட்டம்னு நான் சொல்லவே இல்ல. அங்க நாற்காலி பின்னாடி சாயுமாம். தலையைத் தொட்டியில வச்சு வெந்நீர்ல அலசிவிடுவாங்களாம். வாழ்க்கையில ஒரு தடவை நான் சும்மா சாஞ்சுக்கிட்டு கண்ணை மூடணும்ங்க. உங்க முன்னாடி உக்காந்தா நான் சுவரு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "சரிங்க சிஸ்டர்."

மறுநாள் இருவரும் தனித்தனியாக என்னிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். வீட்டில் அடிப்பதிலும் நன்மை உண்டு, பார்லரிலும் நன்மை உண்டு என்று இருவரிடமும் சொல்லி அனுப்பினேன். வழவழ கொழகொழ என்று பேசுவதில் எனக்கு நீண்ட அனுபவம். மூன்று நாள் அவர் பிரஷைத் தொடவில்லை, வேலைக்கும் போகவில்லை. நான்காம் நாள் சிஸ்டர்தான் இறங்கிவந்தார். "அந்தக் கூப்பன் எங்கயும் ஓடிப்போகாது. படத்துக்கு உங்க கையாலயே அடிங்க," என்றார். அந்த மனுஷரின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும். ரெண்டு கோட்டாருக்குச் சறுக்கியதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அளவுக்கு மீறிய அக்கறை.

வழக்கமாக அவர் வாங்குவது கருப்போடு கொஞ்சம் பழுப்பு கலந்த சாயம். இந்த முறை யோசித்திருக்கிறார். படம் எடுக்கும்போது பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். வெளிச்சம் அடிக்கிற சுவரில் நிறம் வெளிறித் தெரியும். அதனால் அப்படிப்பட்ட சுவருக்கு ஒரு படி தூக்கி அடிக்க வேண்டும். இது அவர் தொழிலில் சத்திய வாக்கு. ஆகவே கடையில் இருந்ததிலேயே அடர்ந்த கருப்பை வாங்கினார். காதுக்குப் பின்னால் தொட்டு வைத்துப் பார்த்தார். தோலை ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேருக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று, படத்துக்காக மூன்றாவதாக ஒன்று. கன்னத்தின் ஓரம் இறங்கும் மெல்லிய பூனை முடியைக்கூட விடவில்லை.

டேப்பை உரித்தபோது நான் என் பால்கனியில் இருந்தேன். பார்டர் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு போல இருந்தது. குறை சொல்ல ஓர் இடம் இல்லை. அதுதான் குறை. அது தலையில் முளைத்த முடியாகத் தெரியவில்லை, தலைமேல் எடுத்து வைத்த மூடியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே சிஸ்டரின் ஐம்பத்து நான்கு வயது முகம் திடீரென்று அறுபதாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

சிஸ்டர் கண்ணாடியில் பார்த்தார். "நல்லாருக்குங்க," என்றார். எழுந்து போய்த் தேநீர் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவர் எப்போதும்போல் வெறும் தலையோடு கிளம்பினார். ரெண்டு கோட்டார் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து நாலு கட்டடம் தாண்டி, தெரு திரும்பும் இடம் வந்ததும் சிஸ்டர் நின்றார். கைப்பையைத் திறந்தார். ஒரு துணியை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

பால்கனியில் நின்ற மனிதர் அசையவில்லை. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் என் கதவு தட்டப்பட்டது, இரண்டு முறை.

"சார், கொஞ்சம் என்கூட வர்றீங்களா? அந்தப் பார்லருக்கு. தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

கீழே இறங்கும்போது சொன்னார்: "எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு சார். வேலை முடிஞ்சு வீட்டுக்காரங்க பாக்கும்போது, வாயால என்ன சொன்னாலும் சரி, முகம் சுருங்கிச்சுன்னா திரும்ப அடிச்சுக் கொடுக்கணும். எனக்கு இதுவரைக்கும் அப்படி ஒரு வீடு வாய்க்கல. சுவரா இருந்தா நைட்டோட நைட்டாச் சுரண்டிட்டு அடிச்சிருப்பேன். இதைச் சுரண்ட முடியாதே."

பார்லரில் ஆண்களும் வரலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஐந்து பெண்களும் எங்களை வழி தவறி வந்த எருமைகளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். கடைக்கார அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, காலில் ஒரு செருப்பு மட்டும். இன்னொரு காலை வலிக்காகக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு நின்றபடியே வேலை செய்துகொண்டிருந்தார். ரெண்டு கோட்டார் கூப்பனை மேசைமேல் வைத்தார். கைபேசியில் முந்தைய நாள் எடுத்த படத்தைக் காட்டினார். அந்த அம்மாள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"யாரு சார் பண்ணது இதை?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஆயிரம் வழி கண்டுபிடித்திருப்பேன். வேறு பார்லர் என்பேன். மனைவியே செய்துகொண்டாள் என்பேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல எனக்கு மீசைகூட வேண்டியதில்லை. ரெண்டு கோட்டார் முதுகை நிமிர்த்தினார்.

"நான்தாம்மா. பத்தொன்பது வருஷமா நான்தான் பண்றேன். இது ஒண்ணு கெட்டுப்போச்சு. கெடுத்ததும் நான்தான்."

அந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சுவத்துக்கு அடிச்ச மாதிரி அடிச்சிருக்கீங்களே!"

"நான் சுவத்துக்குத்தாம்மா அடிக்கிறவன்."

தலையில் துண்டோடு காத்திருந்த ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர.

"கருப்பு தப்பு இல்ல சார்," என்று கடைக்கார அம்மாள் இறங்கிவந்தார். "எல்லா முடியும் ஒரே கருப்பு. அதான் தப்பு. இருபது வயசுப் பொண்ணு தலையைப் பிரிச்சுப் பாருங்க, அதுலயே அஞ்சாறு நிறம் இருக்கும். அங்கங்க கொஞ்சம் விடணும். இந்த நெத்தி ஓரத்துல, காது மேல, கொஞ்சம் வெளுத்தாப்ல இழை இழையா விட்டாத்தான் முகத்துக்கு உயிர் வரும்."

"அப்ப... விட்டுப்போன இடம் தெரியணும்கிறீங்க?"

"தெரியணும்."

அவர் அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டார். விட்டுப்போன இடம் தெரியக் கூடாது என்பதற்காகவே நாற்பது வருடம் சாரத்தில் ஏறியிறங்கியவர் அவர். சூரியன் மேற்கே உதிக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டவர் போல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டரை அழைத்துவரச் சொன்னார்கள். திங்கள் மாலையே காதுக்குப் பின்னால் கொஞ்சம் மருந்தைத் தொட்டு வைத்து, புதன்கிழமை வரச் சொன்னார் அந்த அம்மாள். வெளியே வந்ததும் ரெண்டு கோட்டார் என் கையை அழுத்தினார். "சாம்பிள் வச்சுப் பாக்குது சார். நல்ல வேலைக்காரி." ஒரு பெயின்டர் இன்னொரு பெயின்டருக்குத் தரும் சான்றிதழ் அது.

புதன்கிழமை அவர் தன் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டார். என்னையும் சொல்ல வைத்தார். வேலை மதியம் தொடங்கியது. இழை இழையாக முடியைப் பிரித்து, மருந்து தடவி, வெள்ளித்தாளில் மடித்து மடித்து வைத்தார்கள். ரெண்டு கோட்டார் மூன்று முறை எழுந்து போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "சார், உக்காருங்க" என்று மூன்று முறை சொல்லப்பட்டது. நான்காம் முறை அந்த அம்மாள் பொறுமை இழந்து, வெள்ளித்தாள் சுருளையும் கத்தரிக்கோலையும் அவர் கையில் திணித்தார். "நிக்கத்தான் போறீங்கன்னா இதையாவது நறுக்கிக் கொடுங்க." அவர் நறுக்கினார். ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு, மூலைக்கு மூலை சரியாக. "இவ்வளவு நேரா வேண்டாம் சார், குப்பைக்குத்தான் போகுது," என்றார் அந்த அம்மாள். "போகட்டும்மா. நேராப் போகட்டும்," என்றார் இவர்.

பிறகு அந்தச் சாய்வு நாற்காலி. சிஸ்டரின் கழுத்தைத் தொட்டியின் வளைவில் வைத்து, வெந்நீரைக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, தலையை அலசினார்கள். விரல்கள் மண்டையில் மெதுவாக வட்டமிட்டன. சிஸ்டரின் கைகள் மடியிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் தொங்கின. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"தூங்குது சார்," என்றார் ரெண்டு கோட்டார் என் காதருகே. "பத்தொன்பது வருஷத்துல என் நாற்காலியில ஒரு தடவைகூடக் கண்ணை மூடினதில்ல. நான் ஆடாத, பேசாதன்னே இருந்துட்டேன்."

அவருக்கு வலித்தது. மறைக்கவும் இல்லை. ஆனால் அடுத்த நிமிடமே மூலையில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியிடம் போய் அதன் வாயை அடைத்தார். கைபேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், கும்பிடாத குறையாக, "அம்மா, கொஞ்சம் மெதுவா. முப்பது வருஷமா டியூட்டி பாத்த உடம்பு. தலைமை நர்ஸ். முந்நூறு பேருக்கு அதிகாரி," என்றார். அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். தூங்குகிற மனைவிக்குக் காவல் நிற்பதில் ஒருவருக்கு இவ்வளவு கம்பீரம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முடி உலர்ந்ததும் சிஸ்டர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். மூடி போய்விட்டது. கருப்புக்குள் பழுப்பு, பழுப்புக்குள் அங்கங்கே சாம்பல் இழை. அறுபதாகியிருந்த முகம் தன் வயதுக்குத் திரும்பி, அங்கிருந்தும் ஒரு படி இறங்கியிருந்தது. சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியிலேயே கணவரைத் தேடினார்.

"என்ன, ஒண்ணும் சொல்லாம நிக்கிறீங்க?"

அவர் கிட்டே வந்தார். குனிந்தார். பழக்க தோஷம், வகிட்டைப் பிரித்துப் பார்த்தார். "இங்க ஒண்ணு விட்டிருக்கு. இங்க ஒண்ணு. இந்தப் பக்கம் ரெண்டு." கடைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தார். அவர் நிமிர்ந்தார். "விட்டதெல்லாம் தெரிஞ்சே விட்டிருக்கு. அடிக்கறதைவிட இது கஷ்டம்மா."

வீட்டுக்கு நடந்து வரும்போது சிஸ்டர் தீர்ப்பு வழங்கினார். தலைமை நர்ஸின் குரல் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு முன்னோட்டம். "மாசா மாசம் வேருக்கு உங்க கைதான். அந்த வேலைக்கு வேற யாரும் எனக்கு வேண்டாம். பழைய நிறம், ஒரு படியும் தூக்கக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்த நாற்காலி. நான் தூங்கணும். இன்னொண்ணு, பால்கனியில இனிமே நான் பேசுவேன்."

"தாடை ஆடுமே," என்றார் அவர்.

"ஆடட்டும்."

வெள்ளிக்கிழமை எங்களையும் அழைத்திருந்தார்கள். மருத்துவமனையின் நுழைவாயில் கூடத்தில் படம் எடுக்க ஏற்பாடு. ரெண்டு கோட்டார் சலவைச் சட்டை போட்டு, நகக்கண்ணில் இருந்த வண்ணத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு வந்திருந்தார். வந்ததும் முதல் வேலையாகச் சுவரைப் பார்த்து முனகினார். "ரோலர் தடம் அப்படியே தெரியுது சார். மேடுபள்ளத்துக்குப் பட்டி ஒழுங்காப் பாக்கல. இந்தச் சுவத்துலயா மாட்டப் போறாங்க?" வரிசையாக மாட்டியிருந்த பழைய படங்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். முகங்களை அவர் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு சிஸ்டர் வந்தார். புதிய சீருடை, தொப்பி இல்லாத தலை. கூடத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இத்தனை வருடம் கூட வேலை செய்த டாக்டர் ஒருவர், "உங்களுக்கு முடி இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரியும்," என்றார். இளைய நர்ஸுகள் சுற்றிக்கொண்டு சத்தம் போட்டார்கள். அவர்களில் ஒருத்தி ரெண்டு கோட்டாரிடம் ஓடி வந்தாள்.

"அங்கிள், சூப்பரா இருக்கு! நாங்க கொடுத்த கூப்பன்தானே? அந்தப் பார்லர்தானே?"

"ஆமாம்மா. அந்த அம்மா வேலைதான்," என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் அவரால் முடியவில்லை. "அடிக் கோட் மட்டும் என்னோடது."

படம் எடுப்பவர் எல்லோரையும் விலகச் சொன்னார். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தார். கேமரா உயர்ந்தது. முப்பது வருடம் தொப்பிக்குள் முடியைத் திணித்தே பழகிய கை, தன்னையறியாமல் மேலே போய், நெற்றியோரம் கிடந்த அந்தச் சாம்பல் இழையைக் காதுக்குப் பின்னால் தள்ளி மறைத்தது.

"தம்பி, ஒரு நிமிஷம்."

ரெண்டு கோட்டார் கூட்டத்திலிருந்து விலகி, கூடத்தைக் குறுக்கே கடந்து போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மனைவியின் முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் இருந்த இழையைச் சுண்டு விரலால் எடுத்து, நெற்றிக்கு முன்னால், நன்றாகத் தெரியும்படி விட்டார்.